பிந்தி வந்த பிரதி

சென்ற செவ்வாய்க்கிழமை மடுல்கெல்லவிலிருந்து சரோஜா தொலைபேசியில் அழைத்தார். "ரீட்டா மிஸ் தவறிட்டாங்க, சேர். ஹேவாஹெட்டயிலதான் அடக்கம். வருவீங்கதானே?" போனேன். நாங்கள் வேலை பார்த்த பழைய கந்தோரின் சார்பில் ஒருவர் இரங்கலுரை வாசித்தார். ரீட்டா எல்லோருடனும் அனுசரித்துப் போனவராம். அவரை அறிந்தவர்களுக்காக எழுதுகிறேன்: அது உண்மையல்ல.

கண்டியில் இருந்த அந்தக் கந்தோரில், தோட்டக் குடும்பங்களின் வீட்டு உறுதிப் பத்திரங்களுக்குப் பெயர்ப்பட்டியல் தயாரித்தோம். ரீட்டா கணினிகளைப் பராமரித்தார். சரோஜா பெயர்களைப் பதிந்தார். நான் சரிபார்ப்பவன். கோப்புகள் கீழ்மாடி சேர்வரில் இருந்தன; மேல்மாடியிலிருந்து வலையமைப்பு வழியே திறந்து எழுதுவோம். எதை மாற்றுகிறோம் என்பது பதிவில் இருக்க, முதலில் பழைய பெயரைச் சேமித்து, உடனே புதியதை எழுதி மறுபடி சேமிக்க வேண்டும் என்பது நான் வகுத்த விதி.

சரோஜா மாற்றிய சில பெயர்கள் மறுநாள் பழையபடியே கிடந்தன. விதவைகளின் வீடுகள் இறந்த கணவர்களின் பெயருக்கே திரும்பியிருந்தன. கவனக்குறைவு என்றார் பணிப்பாளர். சரோஜாவை வேலையிலிருந்து நீக்க ஓர் அறிக்கை தயாரானது. பட்டியலை இருமுறை பார்த்துவிட்டு நானும் கையொப்பமிட்டேன். பட்டியலை மட்டுமே பார்த்தேன்.

ரீட்டா கையொப்பமிட மறுத்தார். "அவ மாத்துனத பக்கத்துல இருந்து பார்த்தேன், சேர்."

பணிப்பாளர் சிரித்தார். "அப்ப சேர்வர்ல பேயா இருக்கு?"

"பேயின்னா பரவால்ல சேர், ஃபாதர கூப்பிட்டிருப்பேன். இது வேற."

ரீட்டா நான்கு நாட்கள் கேபிளில் போய்வந்த செய்திகளையெல்லாம் பதிவுசெய்து, எந்தப் பெயர் எப்போது மாற்றப்பட்டது என்று நான் எழுதிவந்த குறிப்பேட்டின் நேரங்களோடு ஒப்பிட்டார். மதியச் சாப்பாட்டு வேளையில் சேர்வர் தன் கோப்புகளுக்குப் பிரதி எடுக்கும். அப்போது அது மந்தமாகிவிடும். பதில் வராததால் சரோஜாவின் கணினி பழைய பெயரை இரண்டாம் முறை அனுப்பும். ஒன்று பதிவாகிப் பதிலும் வந்துவிடும். மற்றது வழியில் தேங்கி நிற்கும். அதற்குள் சரோஜா புதிய பெயரையும் சேமித்துவிடுவார். பிறகு, தேங்கிய பிரதி வந்து புதிய பெயரின் மேலேயே எழுதிவிடும்.

மற்றவர்களுக்கு ஏன் இப்படி நடக்கவில்லை என்று கேட்டேன். "அவங்க அந்த நேரம் சாப்புடுறாங்க, சேர். இவ மட்டும்தான் வேல செய்யிறா."

பணிப்பாளர் தாள்களைப் புரட்டினார். "மெஷின் பழசு. மாத்திடுவோம். அறிக்க இருக்கட்டும்."

"மெஷின நானே சரிபண்ணுறேன். செய்திய வரிசை மாறாம கொண்டுசேக்குற முறை இருக்கு. இவ பேர அறிக்கையில இருந்து எடுங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "சேர், உங்க கையெழுத்து இன்னும் அதுல இருக்கு."

ஒரு மேலதிகாரியின் முன்னால் நான் அதுவரை எதையும் மறுத்ததில்லை. கையொப்பத்தைக் குறுக்கே அடித்து, கீழே எழுதினேன்: "பிழை இயந்திரத்திலும் என் விதியிலும். சரோஜாவிடம் இல்லை." சரோஜா வேலையில் தொடர்ந்தார்.

ரீட்டாவுக்குப் பதவி உயர்வு கடைசிவரை வரவில்லை. ஒருமுறை அவரிடமே அதைச் சொல்லி வருத்தப்பட்டேன். "அந்தக் கதிரையில குனிஞ்சுதான் உக்காரணும் சேர், எனக்கு முதுகு வலி" என்றார்.

அந்த அறிக்கைத் தாளின் போட்டோப்பிரதி ஒன்று என் அலுமாரியில் இருக்கிறது. நாற்பது ஆண்டு உத்தியோகத்தில் எத்தனையோ தாள்களில் கையொப்பமிட்டேன். நான் செய்தது என்று காட்ட என்னிடம் இருப்பது அடிக்கப்பட்ட அந்த ஒன்றுதான். அதை அடிக்க வைத்தவர் ரீட்டா.