சத்தம் போடாத வாத்து

லிஃப்ட் மெக்கானிக்குக்கு வேலையிடத்தில் வைத்த பெயர் ‘இன்னொருவாட்டி’. பழுதுபார்த்து முடித்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல்வரை வந்துவிடுவார். பிறகு, “இன்னொருவாட்டி பாத்துட்டு வந்துடறேன்” என்று மறுபடி மேலே போவார். கூட வந்தவன் தலையில் அடித்துக்கொள்வான். ஆனால் அவர் கைபட்ட லிஃப்ட் எதுவும் நடுவழியில் நின்று ஆளைத் தவிக்கவிட்டதில்லை. அப்பேர்ப்பட்ட மனுஷன் வாத்து விஷயத்தில் மட்டும் ஒரே ஒருவாட்டிதான் பார்த்தார்.

வீட்டைக் காலிசெய்துகொண்டு போன ஒருவர் கொடுத்த ஜோடி அது. என்ன வகை என்று கேட்டதற்கு, “வாத்துன்னா வாத்துதான் சார்” என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிவிட்டார். இரண்டும் கறுப்பும் வெள்ளையும் கலந்தவை. தீவனக் கடைக்குப் போனபோது மூட்டையில் அதே நிறத்தில் ஒரு வாத்துப் படம் போட்டிருந்தது.

“நம்ம வீட்டு வாத்து இதேதாங்க” என்றார்.

“அப்போ அடை உக்காந்தா நாலு வாரத்துல குஞ்சு வந்துடும்” என்றார் கடைக்காரர். கதவைப் பார்த்தே லிஃப்ட் எந்தக் கம்பெனி என்று சொல்கிறவருக்கு வாத்து எம்மாத்திரம்! விஷயம் அத்தோடு முடிந்தது.

இரண்டுக்கும் கண்ணைச் சுற்றித் தோல் சிவந்து தடித்திருந்தது. அதைச் சொறி என்று நினைத்துக் களிம்பு வாங்கித் தடவினார். மற்ற வாத்துகளைப் போலக் கத்தாமல் வெறுமனே சீறின. தங்கமான குணம், அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவில்லை என்று மெச்சிக்கொண்டார். பூனை மாதிரி மதில்மேல் ஏறி உட்கார்ந்தபோதும், கூர்நகத்தால் அவர் கையைக் கீறியபோதும், ‘கொஞ்சம் சேட்டை’ என்பதோடு சரி.

மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. அவள் அறை ஜன்னலுக்கு நேர் கீழே, பழைய மரப்பெட்டியில் பெண்வாத்து எட்டு முட்டைகளின்மேல் அடை உட்கார்ந்தது. வீங்கின காலை ஸ்டூலில் தூக்கிவைத்துக்கொண்டு மகள் அதையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

“அவளும் நானும் ஒரே கட்சிப்பா. யாரு முந்தறோம்னு பாப்போம்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவருக்கு அது முள்ளாகத் தைத்துவிட்டது. அன்றிலிருந்து அவருடைய கணக்கில் அந்த வீட்டில் இரண்டு பிரசவம்.

நாலு வாரம் முடிந்தது. ஒரு முட்டையும் விரியவில்லை. மகளுக்குச் சொன்ன தேதியும் தாண்டிப் போனது. “பொறுத்துப் பாக்கலாம்” என்றார் டாக்டர். அந்த வார்த்தையைக் கேட்டதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. மகள் வாத்தைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாள். பயந்துவிட்டாள், பாவம் என்று நினைத்து அவரும் வாயைத் திறக்கவில்லை.

“அழுகின முட்டையா இருக்கும். அவ கண்ணுல படறதுக்குள்ள எடுத்துப் போட்டுடுங்க” என்று மனைவி காதோடு சொன்னாள்.

மனைவியும் மகளும் ஸ்கேனுக்குப் போன காலையில் வாளியோடு கொல்லைக்குப் போனார். வாத்து சீறியது, கொத்தியது, கையைக் கிழித்தது. ஒரு வழியாக எட்டையும் எடுத்துக்கொண்டு துணி துவைக்கும் கல்லருகே உட்கார்ந்தார். அப்படியே குப்பையில் போட்டிருக்கலாம். ஆனால் பிறவிக் குணம் விடுமா? எதற்கும் இன்னொருவாட்டி பார்த்துவிடலாம் என்று ஒரு முட்டையைக் கல்லின் விளிம்பில் தட்டினார்.

நாற்றம் வரவில்லை. ஈரமான சின்ன உடம்பு உள்ளங்கையில் சரிந்தது. அலகு இருந்தது, நகம் இருந்தது, வயிற்றோடு ஒட்டிய மஞ்சள் கரு இருந்தது. கால் ஒருமுறை உதைத்தது. அவ்வளவுதான்.

மிச்சம் ஏழையும் ஓடிப்போய்ப் பெட்டியில் வைத்தார். வாத்து கிட்டவே வரவில்லை. மதிலோரம் நின்று முறைத்தது. அதைப் படம்பிடித்துத் தீவனக் கடைக்காரருக்கு அனுப்பிவிட்டுப் போன் போட்டார்.

“ஐயையோ, மூட்டையில இருக்கறது வேற, இது வேற! மூஞ்சி செவப்பா இருக்கே, தெரியல? அது கத்தாதில்ல?”

“கத்தாது.”

“மணிலா வாத்துங்க. அதுக்கு அஞ்சு வாரம். இன்னும் நாள் இருக்கு, முட்டைய தொட்டுடாதீங்க.”

போனை வைத்தாரோ இல்லையோ, மனைவி அழைத்தாள்: “அட்மிட் பண்ணிட்டாங்க. சீக்கிரம் வாங்க.”

ஆஸ்பத்திரி நடையில் யார் உட்காரச் சொன்னாலும் அவர் உட்காரவில்லை. குழாயடிக்குப் போய்க் கை கழுவுவார், வருவார், திரும்பவும் போவார். நான் ஓர் உயிரை எடுத்தேனே, அந்தப் பாவம் இங்கே வந்து விடிந்துவிடுமோ என்பதுதான் அவர் பயமெல்லாம். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. பேத்தி பிறந்து, தாயும் சேயும் நலம் என்று நர்ஸ் சொன்னபோது, “இன்னொருவாட்டி சொல்லுங்கம்மா” என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

மகள் வீடு திரும்புவதற்குள் குஞ்சுகள் வந்துவிட்டன. வாத்து எப்போது பெட்டிக்குத் திரும்பிவந்து அடை உட்கார்ந்ததோ தெரியாது; இப்போது அவற்றை வரிசையாகக் கொல்லையில் கூட்டிக்கொண்டு திரிந்தது. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மகள் ஜன்னல் வழியே எண்ணினாள்.

“ஏழுதாம்பா இருக்கு.”

கூமுட்டை என்று சொல்லிவிட்டால் போயிற்று. அவரால் முடியவில்லை.

“ஒண்ண நான் ஒடச்சுட்டேம்மா. கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன். உசுரோட இருந்துச்சு.”

மகள் குழந்தையின் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

“மணிலா வாத்துன்னு எனக்கு முன்னாடியே தெரியும்ப்பா. போன்ல பாத்தேன். இன்னும் ஒரு வாரம் ஆகும்னு சொன்னா, அந்த வாரம் முழுக்க நீங்க நாள எண்ணிக்கிட்டுத் தூங்க மாட்டீங்க. அதான் சொல்லல.”

“நீ பயந்துடுவேன்னு நானும் கேக்கல.”

இரண்டு பேரும் கொல்லையைப் பார்த்தார்கள். குழந்தை சிணுங்கியது. மகள் அதை அவரிடம் நீட்டினாள். அவர் சட்டென்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“இரும்மா, கை கழுவிட்டு வந்துடறேன்.”

“இப்பத்தானே கழுவினீங்க?”

“இன்னொருவாட்டி.”

“வேண்டாம்ப்பா” என்றாள் மகள். அவர் கையை இழுத்து விரித்து, அந்த உள்ளங்கையிலேயே குழந்தையின் தலையை வைத்தாள்.