விருந்தாளித் தண்ணீர்

எண்பத்தைந்தோ எண்பத்தாறோ, பல்கலைக்கழக நூலகத்தில் தீவுகளின் தண்ணீரைப் பற்றி ஒரு கண்காட்சியும் பேச்சும் நடந்தன. யாரும் வரலாம், வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் ஒரு போத்தல் கொண்டுவாருங்கள் என்று எங்கள் ஊரான சுருவிலின் வாசிகசாலையில் அறிவித்தல் ஒட்டியிருந்தது. எங்கள் கிணறு அந்த வருடம் உவர்க்கத் தொடங்கியிருந்தது. மிளகாய்க் கன்றுகளின் இலைநுனி கருகியது. அந்தக் கிணறு திரும்புமா என்று கேட்கத்தான் போனேன்.

போத்தலை நிரப்பும்போதே அம்மா பிடித்துக்கொண்டாள்.

"உதையோ கொண்டுபோறாய்? கோயில் கிணத்திலை அள்ளிக்கொண்டு போ."

"வீட்டுக் கிணறெண்டுதான் போட்டிருக்கு."

"போட்டிருப்பாங்கள். படிச்ச ஆக்கள் வாயிலை வைச்சுப் பாத்திட்டு, உப்புத் தண்ணி குடிக்கிற தீவார் எண்டு சிரிக்கட்டும், என்ன?"

நான் கேட்கவில்லை.

நூலகத்தில் நீள மேசை முழுக்கப் போத்தல்கள். சோடாப் போத்தல், சாராயப் போத்தல், மருந்துப் போத்தல். ஒவ்வொன்றிலும் ஊரின் பெயர். யன்னல் வெயில் அவற்றுக்குள் இறங்கி நின்றது. எதிர்ச் சுவரில் வெளிச்சம் அலையலையாக ஆடியது. புத்தக அலுமாரிகளுக்கு நடுவே ஆட்கள் சத்தமில்லாமல் நடந்தார்கள். நாங்கள் எல்லோரும் ஒரு குளத்தின் அடியில் நிற்பதுபோல இருந்தது.

விரிவுரையாளர் ஒவ்வொரு போத்தலிலும் உப்பளக்கும் கருவி ஒன்றின் வயரை விட்டுப் பார்த்தார். "உங்கடை தண்ணி எங்கடை பட்டணத்துத் தண்ணியிலும் திறம்" என்றார். தீவுச் சனம் நிமிர்ந்து உட்கார்ந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேசையில் இருந்ததெல்லாம் கோயில் கிணற்றுத் தண்ணீரும் பொதுக் கிணற்றுத் தண்ணீரும். பொய் சொல்ல ஒருவரும் நினைக்கவில்லை. எங்கள் வீடுகளில் விருந்தாளிக்கென்று ஒரு குடம் நல்ல தண்ணீர் தனியாக இருக்கும். அதைத்தான் கொண்டுவந்திருந்தார்கள்.

என் போத்தலில் கருவியின் முள் துள்ளியது.

"இது ஆற்றை போத்தல்? கடலிலை அள்ளினதோ?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"என்ரை, சேர். வீட்டுக் கிணறு. மற்றதெல்லாம் ஊரிலை உள்ள நல்ல கிணறு. கேட்டுப் பாருங்கோ."

பின்னால் இருந்த அனலைதீவு அண்ணை ஒருவர் குனிந்தார். "பிள்ளை, வாயை மூடும். மானத்தைக் கப்பலேத்தாதையும்."

"ஏறட்டும். உங்கடை வீட்டுக் கிணத்திலை சவுக்காரம் நுரைக்குதோ, அண்ணை?"

அவர் ஒரு கணம் முறைத்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "எங்கை பிள்ளை நுரைக்கிறது! தயிர்மாதிரித் திரையுது."

அதன்பிறகு எல்லோரும் தங்கள் கிணற்றைச் சொன்னார்கள். விரிவுரையாளர் எழுதிவந்த தாளை மடித்து வைத்துவிட்டுப் பேசினார். தீவின் கீழே எங்கும் கடல்தான், மழைத் தண்ணீர் பாரம் குறைந்ததால் அதன்மேல் மெல்லிய படலமாகக் கிடக்கிறது, மெதுவாக அள்ளினால் அது கலங்காது, தண்ணீர் இறைக்கும் மெசின் உறிஞ்சினால் கீழே இருந்து கடல் ஏறிவரும் என்றார்.

"திரும்புமோ, சேர்?"

"மெசினை நிப்பாட்டினால் ரெண்டு மூண்டு மாரி மழையிலை திரும்பலாம். இல்லாட்டில் திரும்பாது."

தீவுக்குத் திரும்பும் பஸ் பண்ணைப் பாலத்தில் ஏறியபோது இரண்டு பக்கமும் கடல் பால்போலக் கிடந்தது. எனக்கு அரைத் தூக்கம். எங்கள் வீடு, மாட்டுக் கொட்டில், மிளகாய்ப் பாத்திகள் எல்லாம் ஒரு மழைத் துளியின் மேல் மிதந்தன. பஸ்ஸிலிருந்து பலமாகக் குதித்தால் ஊர் ஒருபக்கம் சரிந்துவிடும்போல இருந்தது. மெல்லத்தான் காலை வைத்தேன்.

வீட்டில் மெசின் ஓடிக்கொண்டிருந்தது. போன வருடம்தான் அப்பா வாங்கினார். அவருக்கு அதில் பெரிய புழுகம், வருபவர்களுக்கெல்லாம் ஓடவிட்டுக் காட்டுவார். நான் கேட்டுவந்ததை எல்லாம் சொன்னேன்.

"ரெண்டு மூண்டு மாரியோ? அதுவரைக்கும் மிளகாய்க் கண்டுக்கு நான் மூத்திரமோ பெய்யிறது?"

"பெய்யுங்கோ. உந்த மெசின் இறைக்கிறதிலும் அதிலை உப்புக் குறைவு."

அம்மா சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. குழாயில் வந்த தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி வாயில் வைத்துத் துப்பினார். பிறகு மெசினை நிறுத்தி, குழாயைக் கைக்குமேல் கையாக இழுத்து வெளியே போட்டார்.

"வாளியை எடு. அரைவாசிக் கண்டுக்குத்தான் ஊத்த ஏலும். மற்றது சாகட்டும்."

எந்தப் பாத்தியைக் கைவிடுவது என்று அவர் கையைக் காட்டினார். நான் அள்ளத் தொடங்கினேன்.