அருவிக்குப் போகிற அவசரத்தில் திறந்த பேஸ்ட் டப்பா

சீசனுக்குக் குற்றாலம் போவதாக ஆபீஸில் சொன்னேன். உண்மையில் போனது இலத்தூருக்கு. அண்ணன் ராணுவத்தில் இருக்கிறார். மதினி வீட்டுப் பின்னால் ஷெட் போட்டு, மோட்டார் ஸ்டார்ட்டருக்கான சர்க்யூட் போர்டு செய்யத் தொடங்கியிருந்தார். முதல் பத்து போர்டுகளைப் பார்க்க ஒரு பம்ப் கம்பெனிக்காரர் அன்று மூன்று மணிக்கு வருவதாக ஏற்பாடு. அவருக்குப் பிடித்தால்தான் ஆர்டர்.

என்ன மெஷின் வாங்கலாம் என்று போனில் கேட்டபோது பெரிய மனுஷன் மாதிரி சொன்னவன் நான்தான். பொடிப்பொடி பாகங்களுக்குக் கையில் பிடிக்கிற சால்டரிங் அயர்ன் சரிவராது, மேஜை மேல் வைக்கிற சின்ன ஓவன் போதும், சூடு சீராக ஏறுகிறதா என்று மட்டும் பாருங்கள் என்றேன். அது நல்ல யோசனைதான். இன்னொன்றும் சொல்லியிருந்தேன்: பாகங்களைப் போர்டில் பற்றவைக்கிற ஈயப் பசையான சால்டர் பேஸ்டை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து நாலு மணி நேரம் வெளியே வைத்த பிறகே டப்பாவைத் திறக்க வேண்டும்.

சென்னை ரயில் காலை ஏழு மணிக்குத் தென்காசி வந்தது. சாரல். எட்டு கிலோமீட்டர் போல ஆட்டோ, இருநூற்றைம்பது ரூபாய். "ஐந்தருவில தண்ணி நல்லா விழுது சார். பத்து மணிக்கு மேல போனா கூட்டந்தான்," என்றார் டிரைவர். அது என் தலைக்குள் உட்கார்ந்துகொண்டது.

ஓவனுக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, டப்பாவை ஃப்ரிட்ஜிலேயே வைத்திருந்தார் மதினி. முதல் டப்பாவை என் கையால் திறக்க வேண்டுமாம். வெளியே எடுத்ததுமே மூடியைத் திருகப் போனேன்.

"தம்பி, இன்னும் சில்லுன்னுல்லா இருக்கு? நாலு மணி நேரம்னு நீங்கதான சொன்னீங்க?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆவாது மதினி."

ஆகும் என்று எனக்குத் தெரியும். சாரல் காற்றில் குளிர்ந்த டப்பாவைத் திறந்தால் பேஸ்டில் ஈரம் கோத்துக்கொள்ளும். ஓவன் சூட்டில் அது வெடித்துத் தெறிக்கும். தெரிந்தே திறந்தேன். ஓவனிலிருந்து பத்து போர்டும் பளபளவென்று வந்தன. லென்ஸ் வைத்துக்கூடப் பார்க்கவில்லை. தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அருவி நன்றாக இருந்தது. அதைப் பற்றி எழுத இப்போது கை வரவில்லை.

இரண்டரைக்குத் திரும்பினால் வாசலில் கார். பம்ப் கம்பெனிக்காரர் முன்கூட்டியே வந்து, ஒரு போர்டை லென்ஸுக்கடியில் வைத்திருந்தார்.

"கடுகு தாளிச்ச மாதிரில்லா தெறிச்சுக் கெடக்கு! யாரும்மா போட்டது?"

"நாந்தான் சார். அவசரப்பட்டுட்டேன்," என்றார் மதினி.

தோளில் ஈரத் துண்டோடு வாசலில் நின்றேன். நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. அவர் போர்டுகளைத் தள்ளி வைத்துவிட்டு, "நாளைக்கு இன்னொரு பத்து போட்டு வைங்க, பாப்போம்," என்று எழுந்தார்.

அவர் போனதும், "ஏன் மதினி அப்படிச் சொன்னீங்க?" என்றேன்.

"பெறகு? சென்னையிலேர்ந்து ஆளு வந்தாத்தான் இங்கன வேல நடக்கும்னு அவரு நெனைக்கதுக்கா? சாப்பிட வாங்க."

அன்றிரவு சென்னை திரும்ப எடுத்திருந்த டிக்கெட்டை ரத்து செய்தேன்.

சீசனில் போகிறவர்களுக்கு: ஐந்தருவிக்கு எட்டு மணிக்குள் போய்விடுங்கள். மாற்றுத்துணியை இரண்டு பிளாஸ்டிக் பையில் கட்டுங்கள். இதே தொழில் செய்கிறவர்கள் என்றால், சாரல் அடிக்கும்போது ஜன்னலைச் சாத்திவிட்டு வேலை செய்யுங்கள், முதல் போர்டை லென்ஸில் பார்க்காமல் இரண்டாவதைப் போடாதீர்கள். அருவியும் வேலையும் ஒரே காலையில் வேண்டாம்.

மறுநாள் விடியும்போதே புது டப்பா மேஜை மேல் இருந்தது. நான் குளித்து முடித்து ஷெட்டில் ஓரமாக ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். நாலு மணி நேரம் கழித்து மதினி டப்பாவைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். திறக்க என்னைக் கூப்பிடவில்லை.