என்னோடு மெலிந்த கடா

எனக்குச் சர்க்கரை வந்து ஆறு வருடம். அதோடு ஒருமாதிரி பழகிவிட்டேன். போன வருடம் கம்பத்து டாக்டர் வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்கச் சொன்னார். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "கொழுப்பும் ஏறிக் கெடக்கு. சர்க்கரை இருக்குறவுகளுக்கு இப்படித்தான். கெட்டது கூடும், நல்லது கொறையும்" என்றார்.

"எனக்கு ஒண்ணும் செய்யலையே சார்."

"செய்யாது. நேரா நெஞ்சுலதான் காட்டும்."

நான் எட்டாவதோடு நின்றவன். ஆனாலும் இது நன்றாகப் புரிந்தது. வலிக்கிற நோயென்றால் வலிக்காத நேரத்திலாவது நிம்மதியாக இருக்கலாம். இது வலிக்கவே இல்லை. அதனால் நாள் முழுக்கப் பயந்தேன்.

மாத்திரை, தினம் முக்கால் மணி நேரம் நடை, மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம். என் மனைவிக்கு இது போதவில்லை. கொழுப்பு இறங்கினால் கடா வெட்டுவதாகக் குலசாமிக்கு நேர்ந்து, கடாவையும் வாங்கிக் கட்டிவிட்டாள்.

எங்கள் ஊர் காமயகவுண்டன்பட்டியில் வேலையில்லாமல் ஒருவன் நடக்க முடியாது. சும்மா நடக்கிறேன் என்றால் வீட்டில் சண்டையா என்பார்கள். வைத்தியத்துக்கு என்றால் ஆளுக்கொரு கஷாயம் சொல்வார்கள். ஆகவே கடாவைக் கையில் பிடித்துக்கொண்டேன். மேய்க்கப் போகிறவனை யாரும் கேட்பதில்லை. திராட்சைத் தோட்டத்து ஓரம் அது புல்லில் வாய்வைக்க நின்றால் இழுப்பேன். நிற்காமல் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர்.

மூன்று மாதத்தில் கொழுப்பு இறங்கியது. பூசாரி வந்து கடாவின் முதுகைத் தடவினார்.

"ஏப்பா, எலும்புதான இருக்கு. இத வெட்டுனா நமக்குத்தான் கேவலம். கட்டிப்போட்டுத் தீனி வையி."

"அதுக்குள்ள எனக்குத் திரும்ப ஏறிட்டா?"

"அது சாமிக்கும் ஒனக்கும்."

மனைவி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஒங்க கூட நடந்தா எதுதான் தேறும்?"

கடா கட்டுத்தறிக்குப் போனது. நேர்ந்தது நிறைவேறவில்லை, அடுத்த ரத்தத்துக்கு நாள் நெருங்குகிறது, நடக்கவோ காரணமில்லை. ஒருநாள் காலை வெறும் கயிற்றோடு கிளம்பிவிட்டேன்.

"எங்கன கெளம்பிட்டீக?" என்றார் பக்கத்துத் தோட்டக்காரர்.

"கடாயக் காணோம்ணே." வாயில் தானாக வந்துவிட்டது.

அவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கூடவே வந்தார். டீக்கடையிலிருந்து இன்னும் மூன்று பேர். ஐந்து பேரும் வாய்க்கால் கரை முழுக்க முக்கால் மணி நேரம் தேடினோம். திரும்பி வரும்போது என் வீட்டுக் கொல்லையிலிருந்து கடா கத்தியது.

"அதுவே வந்துருச்சு போல" என்றேன், தரையைப் பார்த்தபடி.

தோட்டக்காரர் கட்டுத்தறியில் கட்டியபடியே நின்ற கடாவையும் தீனித் தொட்டியையும் பார்த்தார். பிறகு துண்டால் வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்கும் கொழுப்புக் கூடுதல்னு நடக்கச் சொல்லிருக்காக. நாளைக்கும் காணாமப் போகுமா?"