அண்ணன் பேசிய கேசட்

கேசட் நாடாவை ஒரு மனிதனின் வாய்க்குள் திணிப்பதை நான் பார்த்திருக்கிறேன். பழுப்பு நிறத்தில் பளபளவென்று கொத்துக் கொத்தாகப் போய்க்கொண்டே இருந்தது. அது என் அண்ணனின் வாய். அந்த நாடாவில் இருந்ததும் அவன் குரல்தான்.

எண்பதுகளின் நடுப்பகுதி. மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தேன். அண்ணன் கோலா தெர்லாவிலிருந்து ஈப்போவுக்கு முட்டைக்கோஸ் லோரி ஓட்டினான். ஒருமுறை ஈப்போ சந்தையில் ஒரு கேசட் வாங்கி வந்தான். அமெரிக்கக் கறுப்பின இளைஞர்கள் தாளத்தின்மேல் மூச்சுவிடாமல் பேசும் கேசட். ஒரு வார்த்தையும் எங்களுக்குப் புரியவில்லை. “இவனுங்க பாடல லா, சண்ட போடுறானுங்க. நம்மாலயும் முடியும்” என்றான். அன்றிலிருந்து லோரியின் கதவைத் தட்டித் தட்டித் தமிழில் பேசிப் பழகினான். முதலில் எல்லாம் கேலியும் கிண்டலும்தான். பக்கத்து வீட்டு அக்காவுக்கு அந்தக் கொடுமை நடந்த பிறகு அவன் பேச்சு மாறிப்போனது.

அக்கா அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. மலைச்சரிவில் தலைசுற்றி உட்கார்ந்தவளை, வேலைக்கு மேற்பார்வை பார்த்த மண்டோர் எட்டி உதைத்தான். அடுத்த நிரையில் நின்ற நான் பார்த்தேன். கூடையோடு உருண்டு, தேயிலைச் செடியின் அடித்தூரில் வயிறு மோதிக் கிடந்தாள். பிள்ளை தங்கவில்லை. வழுக்கி விழுந்தாள் என்று மண்டோர் சொன்னான். ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணியும் அதையே சொன்னார். நான் தோட்ட மேலாளரான துரையிடம் போய்க் கண்டதைச் சொன்னேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

அண்ணன் கேசட் போட்டான். எந்தக் கம்பெனியும் இல்லை. ரிங்லெட்டில் ரேடியோ பழுதுபார்க்கும் நண்பனின் கடையில், கோயில் தப்பு மேளத்தை ஒருவன் அடிக்க, இவன் பேசினான். அங்கேயே பிரதி எடுத்து, லோரி போகும் வழியெல்லாம் கொடுத்தான். சில வாரங்களில், நாங்கள் குடியிருந்த லயத்து வரிசையில் பாதி வீடுகளில் அது கத்தியது:

“கொழுந்து கிள்ளுற கைய ஒடிச்சான்,
கூடையோட அவள மிதிச்சான்,
குனிஞ்சு கெடந்தா இன்னும் அடிப்பான்,
நிமிந்து பாரு, அவனே துடிப்பான்!”

பெயர் எங்கும் இல்லை. தேவையும் இருக்கவில்லை. மண்டோர் நடந்து போனால் சின்னப் பிள்ளைகள் பின்னாலிருந்து முதல் அடியைச் சொல்லிவிட்டு ஓடின.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை மண்டோர் மூன்று ஆட்களோடு வந்தான். எங்கள் வீட்டு ரேடியோவைத் தூக்கி வாசல் சிமெண்டில் அடித்தான். அண்ணனை முடியைப் பிடித்து இழுத்துவந்து முட்டி போடவைத்தார்கள். தடுக்கப் போன என்னை ஒருவன் சுவரோடு வைத்து அழுத்தினான். “பேசின வாயாலயே தின்னுடா” என்று மண்டோர், உடைந்த ரேடியோவுக்குள் இருந்த கேசட்டின் நாடாவை உருவி உருவித் திணித்தான். அண்ணன் காறித் துப்பினான். இரத்தத்தோடு முதல் அடியைச் சொன்னான். மண்டோர் முகத்தில் உதைத்தான். அண்ணன் இரண்டாம் அடியைச் சொன்னான். அப்போது ஒருவன் கட்டையால் தாடையில் அடித்தான். காய்ந்த விறகு முறிவதுபோல் ஒரு சத்தம். மூன்றாம் அடி வரவில்லை.

அதை அக்கா சொன்னாள். தன் வீட்டு வாசலில் நின்று, கத்தாமல், சாதாரணமாகச் சொன்னாள். “குனிஞ்சு கெடந்தா இன்னும் அடிப்பான்.” மண்டோர் திரும்பிச் சிரித்தான். “ஒனக்கும் வேணுமா?” என்று கையை ஓங்கினான். அவள் முந்தானைக்குள்ளிருந்து கவ்வாத்துக் கத்தி வந்தது. செடியை வெட்டுகிற அதே வீச்சு. ஓங்கிய கை மணிக்கட்டில் பிளந்து தொங்கியது. அவன் ஆட்கள் ஓடினார்கள். அவன் அலறிக்கொண்டு மண்ணில் புரண்டான். ஒருத்தியும் தண்ணீர் கொடுக்கவில்லை. போலீஸ் வரும்வரை அக்கா கத்தியைக் கழுவாமல் படியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

கோர்ட்டில் நானும் மற்றப் பெண்களும் சாட்சி சொன்னோம். அக்காவுக்குத் தண்டனை குறைந்ததே தவிர, நீங்கவில்லை. கை விளங்காமல்போன மண்டோர் தோட்டத்தைவிட்டுப் போனான். அண்ணனின் தாடை கோணலாகக் கூடியது. சோற்றை மெல்லவே சிரமப்பட்டவனுக்கு வேகப்பேச்சு ஏது?

அக்கா சிறையிலிருந்து வெளியே வந்த அன்று அண்ணனும் நானும் லோரியில் போய் அழைத்து வந்தோம். அவள் புருஷன் அதற்குள் சிங்கப்பூர் போய் வேறு குடும்பம் அமைத்திருந்தான். தாப்பா மலைப்பாதையில் அண்ணன் வண்டியை ஓரங்கட்டினான். ஏதோ சொல்ல முயன்றான். எச்சில் வழிந்ததே ஒழிய வார்த்தை கூடவில்லை. அவள் சேலைத் தலைப்பால் அவன் மோவாயைத் துடைத்துவிட்டாள். “எனக்குத் தெரியும்டா தம்பி. வண்டிய எடு.”

இப்போது அண்ணன் மகன் கோலாலம்பூரில் ராப் பேசுகிறான். கம்ப்யூட்டரில் தாளம், கழுத்தில் சங்கிலி, வரிக்கு வரி கத்தியும் இரத்தமும். போன தீபாவளிக்கு வந்தவன் போனில் போட்டுக் காட்டினான். அண்ணன் கண்ணை மூடிக் கடைசிவரை கேட்டான். பிறகு கோணல் வாயால், மெல்ல மெல்லச் சொன்னான்:

“நல்லா ஏசுறான் லா. யார ஏசுறான்னுதான் தெரியல.”