லீலாபாயின் ஐந்து சதவீதம்

கருங்கல் சந்தையில் இந்த ஜூலையில் மீனைவிட வேகமாக விலைபோனது ஒரு செய்தி: லீலாபாயின் இதயம் ஜெபத்தால் சுகமாகிவிட்டது, எம்.ஆர்.ஐ. மெஷினே அதற்குச் சாட்சி.

அந்த மெஷினை ஓட்டுகிறவள் ஞானசெல்வி. நாகர்கோவில் ஸ்கேன் சென்டரில் ஒன்பது வருட வேலை. துடிக்கிற இதயப் படத்தில் தசையின் ஓரமாக மவுஸால் கோடு போடுவாள். துடிப்புக்குத் துடிப்பு தசை எத்தனை சதவீதம் சுருங்குகிறதென்று கம்ப்யூட்டர் அந்தக் கோட்டின் பின்னாலேயே போய்ச் சொல்லும். இருபதை ஒட்டி வந்தால் நல்ல இதயம். லீலாபாய்க்கு ஜனவரியில் பன்னிரண்டு, ஜூலையில் பதினேழு.

ஜனவரியில் கோடு போட்டது ஞானசெல்வி. ஜூலையில் அவள் லீவு. போட்டது கூட வேலை பார்க்கும் ஹரிகுமார்.

இரண்டு படத்தையும் தானே அளந்து பார்த்தாள். ஜூலைப் படம் பதின்மூன்று. சரி, ஹரிகுமார் தாராள மனசுக்காரன். ஜனவரிப் படம் பதினாலு. அதே படம், அதே கை. அன்றைக்குப் பன்னிரண்டு சொன்ன கை. ஒன்பது வருடத்தில் அளந்த மற்ற இதயங்களைப் பற்றி அவள் யோசிக்கவில்லை. யோசித்தால் சோறு இறங்காது.

"தசைக்க ஓரம் எங்க முடியுதுன்னு யாருக்குத் தெரியும்க்கா? ஒரு நூல் உள்ள தள்ளிப் போட்டேன்," என்றான் ஹரிகுமார்.

"ரெண்டு மூணு கூடக்குறைய வரும்னு ரிப்போர்ட்ல எழுதப்பிடாதா?"

"எழுதினா நம்மள யாரு நம்புவா?"

ஞாயிறு ஆராதனை முடிந்து லீலாபாய் வீட்டுக்குப் போனாள். மாமி மாத்திரையை நிறுத்தி மூன்று வாரம். கால் வீங்கி, செருப்பு வார் தடம் பதிந்து கிடந்தது.

"மாமி, ஒங்களுக்கு சுகமாகல்ல. கை மாறினதுல அளவு மாறிப்போச்சு. மாத்திரையத் தின்னுங்க."

"அப்ப பன்னிரண்டு பொய்யா, பதினேழு பொய்யா?"

பதினேழு என்று மட்டும் சொல்லியிருந்தால் மாமி மாத்திரை தின்றிருப்பாள். ஞானசெல்விக்கு அது வாயில் வரவில்லை. "ரெண்டுமே கொஞ்சம் கொஞ்சம்," என்றாள்.

"ஒனக்க மெஷினுக்கே ஒறப்பில்ல, கேட்டியா மக்கா? கோயில்ல எந்திரிச்சு நின்னு சாட்சி சொல்லியாச்சு. இனி எந்த மொகத்த வச்சு மாத்திரை திங்க?"

"யாருக்கும் தெரியாம தின்னுங்க."

"கர்த்தருக்குத் தெரியாமலா?"

பதினோராம் நாள் லீலாபாய் செத்துப்போனாள். சுகம் பெற்ற இதயத்தோடு நம் சகோதரி கர்த்தரண்டை போனார் என்றார் போதகர். மறுத்துப் பேச அங்கே ஒருத்திதான் இருந்தாள். அவளும் பாட்டுப் புஸ்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்புகையில் சபைக் கமிட்டி செல்வதாஸ், லீலாபாயின் மகன் லிஜோவைத் தனியே கூப்பிட்டார். "சுகமானதுக்கு ஒனக்க அம்மை கோயில் ஏலத்துக்கு ஒரு ஏத்தன் வாழைக்குலை நேந்திருந்தா, மக்கா. அது இன்னும் வரல்ல."

லிஜோ ஞானசெல்வியிடம் வந்தான். "அக்கா, அம்மைக்கு சுகமாச்சா, இல்லியா? நீங்க சொன்னா குலைய வெட்டுவேன்."

குலை இன்னும் வாழையில்தான் நிற்கிறது.