வரிக்கென்று வந்த பிள்ளை

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு மருந்துக் கொம்பனியில் சயந்தன் கணக்காளர். வருமான வரிப் படிவத்தோடு யாராவது முழிப்பதைக் கண்டால், கேளாமலே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். தன்னைப் போல கெட்டிக்காரன் இல்லை என்பது அவருடைய எண்ணம். அந்த எண்ணம் வேறு எவருக்கும் இருந்ததில்லை என்று இப்போது அவரே சொல்லிச் சிரிக்கிறார்.

விவாகரத்தாகி மூன்று வருடம். மகள் யதுஷா கொட்டாஞ்சேனையில் தாய் லவினாவோடு இருந்தாள். சனி, ஞாயிறு மட்டும் தகப்பனிடம் வருவாள். ஞாயிறு பின்னேரம் அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தால் வீட்டில் டீவி மட்டும்தான் கதைக்கும். இதை வாய்விட்டுச் சொல்ல அவருக்கு வெட்கம்.

அப்போதுதான் கனடாவில், ரொறன்ரோவில் இருக்கும் மச்சான் சுந்தரலிங்கம், அவரும் மனைவியைப் பிரிந்தவர், போனில் சொன்னார்: "பிள்ளை ஆரிட்டக் கூட நாள் தங்குதோ, அவருக்குத்தான் வரியில கழிவு, குறைச்சுக் கட்டலாம். எண்ணி வையடா."

அது எந்த நாட்டுச் சட்டம் என்று கணக்காளர் கேட்கவில்லை. ரொறன்ரோவிலிருந்து வந்தால் சொக்லேட்டும் சரி சட்டமும் சரி, நல்லதாகத்தான் இருக்கும் என்று நம்புகிற ஆள். உடனே லவினாவுக்கு போன் எடுத்தார். பௌர்ணமிக்கு வரும் போயா லீவு, பள்ளிக்கூட லீவு எல்லாவற்றுக்கும் பிள்ளையை அனுப்பச் சொன்னார்.

"என்ன திடீரெண்டு?"

"வரி விசயம்," என்றார், தொண்டையைச் செருமிக்கொண்டு.

யதுஷா வந்தாள். தங்கிய ஒவ்வொரு நாளுக்கும் சமையலறைக் கலண்டரில் சரி போட்டார். வீட்டில் ஆள் சத்தம் கேட்டது. கழிவை நினைத்துத்தான் தனக்கு இவ்வளவு சந்தோசம் என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டார்.

நவம்பரில் இணையத்தில் படிவத்தை நிரப்பினார். பிள்ளையின் பெயருக்கு இடமே இல்லை. இணையத்தளத்தில்தான் பிழை என்று முடிவுகட்டி, கலண்டரைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, லீவில் நின்ற மகளையும் கூட்டிக்கொண்டு வரிக் கந்தோருக்குப் போனார். வரிசையில் நின்ற இரண்டு பேருக்குச் சட்டத்தையும் விளக்கினார். பாவம், அவர்கள் எழுதியும் வைத்துக்கொண்டார்கள்.

கவுண்டரில் இருந்த நளீபா என்ற உத்தியோகத்தர் கலண்டரைப் புரட்டிப் பார்த்தார். "சேர், நம்மட நாட்டில புள்ளைக்கெண்டு கழிவு ஒண்டும் இல்ல. கலியாணம் முடிச்சாலும் பிரிஞ்சாலும் எல்லாருக்கும் ஒரே அளவுதான்."

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது யதுஷா மெல்லக் கேட்டாள்:

"அப்பா, அப்ப இனி நான் சனி ஞாயிறு மட்டும் வந்தால் போதுமே?"

சயந்தனுக்கு அப்போதுதான் விளங்கியது. பிள்ளை இத்தனை மாதமும் வரிக்காகத்தான் வந்ததாக நினைத்திருக்கிறாள்.

"இல்லைப் பிள்ளை. அப்பா ஒரு மடையன். வரி எண்டது சும்மா சாட்டு. நீ இல்லாட்டி எனக்கு அந்த வீட்டில இருக்கேலாது."

யதுஷா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"இதை அம்மாட்டயும் என்னட்டயும் முதலே சொல்லியிருக்கலாமே," என்றாள்.